புரதம் சேர்த்தால் தண்ணீர்க் கணக்கு மாறும்

நெல்லை, தென்காசி, கோவில்பட்டிப் பக்கம் பேக்கரி, பலகாரம், சத்துமாவு போடுகிறவர்கள் சோயா, கடலை, பயறுப் புரதம் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பாளையங்கோட்டை, பேக்கரி: அண்ணாச்சி, மைதாவில் பத்தில் ஒரு பங்கு சோயா மாவு கலந்தோம். ரொட்டி எழும்பவே இல்லை. மேலே கருகுது, உள்ளே சொதசொதன்னு இருக்கு.

மாவைப் பின்னி எழும்ப வைக்கும் கோதுமைப் புரதமான குளுட்டன் சோயாவில் கிடையாது. அதோடு மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். பழைய அளவே ஊற்றினால் மைதாவுக்குப் போக வேண்டியதைச் சோயா இழுத்துக்கொள்ளும். குளுட்டன் சரியாகப் பின்னாது, காற்றும் உள்ளே நிற்காது. முதலில் 5 சதவீதத்தில் நில்லுங்கள்: மைதா 950 கிராம், எண்ணெய் நீக்கிய சோயா மாவு 50 கிராம். சோயா மாவை அதே எடைத் தண்ணீரில் அரைமணி நேரம் தனியே ஊறவையுங்கள். வழக்கமான தண்ணீர் இதற்கு மேல் தனி. 10 சதவீதம்தான் வேண்டுமென்றால் கிலோ மாவுக்கு 20 கிராம் குளுட்டன் தூள் சேருங்கள். கருகுவதற்குக் காரணம், சோயாவில் நிறைய இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு சர்க்கரையோடு சேர்ந்து சீக்கிரம் சிவப்பது. அடுப்புச் சூட்டை 10 டிகிரி குறைத்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அம்பாசமுத்திரம், மகளிர் குழு: டோஃபு (சோயா பன்னீர்) ஒருநாள் கல்லு மாதிரி வருது, மறுநாள் கட்டவே மாட்டேங்குது. ஏன் அண்ணாச்சி?

முதலில் எந்தத் தண்ணீரில் அரைக்கிறீர்கள் என்று பாருங்கள். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால் புரதம் பாலில் முழுதாக இறங்காமல் சக்கையிலேயே தங்கிவிடும். பால் நீர்த்துப் போனால் கட்டாது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதில் அரையுங்கள்.

ஒரு கிலோ சோயா, வெயில் காலத்தில் 6 மணி நேரம், மார்கழியில் 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு விதையை இரண்டாகப் பிளந்து உட்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் குழி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. மட்டமாக, ஒரே நிறமாக இருந்தால் அரைக்கலாம். 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் விட்டு அரைத்தால் பச்சை வாடைக்குக் காரணமான நொதி அடங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் தண்ணீர் போதும்.

காய்ச்சும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 80 டிகிரியிலேயே நுரை பொங்கி வரும். அது கொதி இல்லை. நுரையை அடக்கி, அடியோடு கிளறி, உண்மையான கொதி வந்தபின் 10 நிமிடம் காய்ச்ச வேண்டும். செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் அதில்தான் பெரும்பாலும் அழியும்.

வடிகட்டிய பால் 75–80 டிகிரிக்கு இறங்கட்டும். பாலை உறைய வைக்கும் உறைப்பானாக உணவுத் தரக் கால்சியம் சல்பேட் லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றி, இரண்டே சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும், கலக்கிக்கொண்டே இருந்தாலும் கல்லாகும். 15 நிமிடம் கழித்துப் பிரிந்த தண்ணீரைப் பாருங்கள். தெளிந்த இளமஞ்சளாக இருந்தால் அளவு சரி. பால் போலக் கலங்கியிருந்தால் உறைப்பான் போதவில்லை. தண்ணீர் தெளிந்தும் டோஃபு கசந்தால் கூடிப்போச்சு என்று அர்த்தம். சக்கையை அன்றைக்கே வடைக்கோ பிஸ்கட்டுக்கோ பயன்படுத்துங்கள். நம்ம வெயிலுக்குச் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

சங்கரன்கோவில், உணவகம்: மீல் மேக்கர் கட்லெட் எண்ணெயில் போட்டதும் உதிருது, சோயா வாடையும் போகலை.

100 கிராம் மீல் மேக்கர் தண்ணீர் குடித்துச் சுமார் 300 கிராம் ஆகும். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை ஒட்டப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாடையும், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போகும். பிழியாமல் விட்ட தண்ணீர்தான் எண்ணெயில் ஆவியாகி கட்லெட்டைப் பிளக்கிறது. உறைநிலையில் வைத்து விற்பதென்றால் மெத்தில் செல்லுலோஸ் என்ற ஒட்டும் தூள் 1.5 சதவீதம் போட்டால் நன்றாகப் பிடிக்கும். அது சூட்டில் இறுகி, ஆறினால் தளரும். எண்ணெயில் குழப்பி, ஐஸ் தண்ணீர் விட்டு அடித்து, ஒரு மணி நேரம் குளிரில் வைத்த பிறகே சேருங்கள். சுடுதண்ணீரில் போட்டால் கட்டி தட்டும்.

கோவில்பட்டி, கடலைமிட்டாய்: பாகில் புரதத் தூள் போட்டால் மிட்டாய் நசநசன்னு ஆயிடுது.

தூளைப் பாகில் போடவே கூடாது. சூட்டில் தீயும், பிறகு காற்றின் ஈரத்தை இழுக்கும். பொரித்த சோயா மணிகளை வாங்குங்கள். 60 சதவீதப் புரதம் உள்ளது கிடைக்கும். 600 கிராம் கடலை, 400 கிராம் வெல்லம் என்ற கணக்கில் மிட்டாயில் புரதம் ஏறக்குறைய 15 சதவீதம். 100 கிராம் கடலைக்குப் பதில் 100 கிராம் மணி போட்டால் 18.5 ஆகும். மணியை வறுத்து, சூடாகவே கலக்குங்கள். பச்சைத் தண்ணீரில் விட்ட பாகு 'டக்'கென்று உடையும் பதம் வந்திருக்க வேண்டும். முழுக்க ஆறுமுன் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்க்கும்.

சுரண்டை, சத்துமாவு: செக்குக் கடலைப் புண்ணாக்கை அரைத்துச் சேர்க்கலாமா? மலிவா கிடைக்குது.

மாட்டுக்கென்று வரும் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். பூசணம் பிடித்த கடலையின் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு எண்ணெயில் கொஞ்சம்தான் போகும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது. குழந்தைகள் சாப்பிடுகிற மாவு இது. சொத்தையும் சுருங்கியதும் பொறுக்கி எடுத்த கடலையை, சுத்தமான செக்கில் தனியாக ஆட்டி, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே சேர்க்கலாம். நிலக்கடலை மாவு நல்ல பொருள்தான். மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) உருவாக்கிய பல்நோக்கு உணவே மூன்று பங்கு எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவும் ஒரு பங்கு கொண்டைக்கடலை மாவும்தான். கொஞ்சம் எள்ளும் சேருங்கள். பயறில் குறைகிற மெத்தியோனின் என்ற புரதக் கூறு எள்ளில் இருக்கிறது. நம்ம உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

தென்காசி: உளுந்திலிருந்து பட்டாணிப் புரதம் மாதிரி பிரிக்க முடியுமா?

இட்லி மாவுக்கு வேண்டிய அதே வழவழப்புதான் உளுந்தில் இடைஞ்சல். கரைசல் கொழகொழத்துப் பிரியாது. பாசிப்பருப்பு சுலபம். காரத் தண்ணீரில் (பிஹெச் 9) கரைத்து மாச்சத்தை அடியில் இறக்கி, பிறகு கரைசலைப் புளிப்பாக்கி பிஹெச் 4.5-க்குக் கொண்டுவந்தால் புரதம் தயிராகத் திரளும். ஆனால் 100 கிலோ பருப்பில் புரதமே 24 கிலோதான். மிஞ்சுகிற மாச்சத்துக்கு முதலில் ஆள் பாருங்கள், உலர்த்தும் இயந்திரம் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

வள்ளியூர்: ஸ்பைருலினா நூடுல்ஸ் நிறம் மங்குது.

ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் நீலநிறமி சூடு தாங்காது. 2 சதவீதத்துக்கு மேல் போடாமல், 50 டிகிரிக்குள், வெயில் படாமல் காயவையுங்கள். எந்தப் பொருளானாலும் சோயா, கடலை, கோதுமை இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை பொட்டலத்தில் இருக்க வேண்டும்.