தளர்வில்லா ஊரடங்கில் உடம்பும் மனசும்: மருத்துவரிடம் கேட்டவை

மே 2021, கடைசி வாரம். 24-ஆம் தேதி தொடங்கிய தளர்வில்லா ஊரடங்கில் மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. காய்கறி வண்டி தெருவுக்கு வந்தால் உண்டு. நான் பொது மருத்துவம் பார்ப்பவன். இந்த வாரம் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

மதுரை: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கொரோனா வந்து ஐந்தாம் நாள், வீட்டுத் தனிமையில் இருக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒரு தடவை 97 காட்டுகிறது, அடுத்த தடவை 93. அரை மணிக்கொரு தடவை பார்க்கிறோம், யாருக்கும் தூக்கமில்லை.

முதலில் பார்க்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள், பாதிப் பயம் அதிலேயே போகும். ஐந்து நிமிடம் அவர் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். விரலில் மாட்டிய பின் கையை ஆட்டாமல் ஒரு நிமிடம் விடுங்கள். மாட்டியதும் தெரிகிற எண் கணக்கில்லை; ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கிற எண்தான் கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு தடவை போதும். மூச்சு வாங்கினால் மட்டும் இடையில் பாருங்கள்.

94-ம் அதற்கு மேலும் என்றால் வீட்டில் இருக்கலாம். அறைக்குள்ளேயே சில நிமிடம் நடந்த பிறகு மூன்று, நான்கு புள்ளி இறங்கினாலோ, சரியாகப் பார்த்தும் 93-லேயே நின்றாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். 90-க்குக் கீழே போனால் 108. வண்டி வரும்வரை குப்புறப் படுக்கட்டும்: கழுத்துக்கு ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே ஒன்றிரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இதை வைத்தே சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. லேசான நோயில் பயன் இல்லை, சர்க்கரையை எகிற வைக்கும். இப்போது பேசப்படுகிற கருப்புப் பூஞ்சைக்கு அது வழி திறந்துவிடும்.

சேலம் பக்கத்துக் கிராமம்: வீட்டுக்காரர் பத்து வருடமாகத் தினமும் குடிப்பவர். டாஸ்மாக் மூடுவதற்கு முன் வாங்கி வைத்தது முந்தாநாள் தீர்ந்துவிட்டது. கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூங்கவே இல்லை. இதோடு விட்டுவிடுவார் என்று மாமியார் சந்தோஷப்படுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம்தான் சரி, அம்மா. நாளைவரை காத்திருக்காமல் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது எல்லாம் நடக்கும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை வைராக்கியக் குறைச்சல் என்று யாரும் திட்ட வேண்டாம். மூளை சாராயத்துக்குப் பழகிப்போனதால் வரும் விளைவு இது. அங்கே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்தை அளவாகக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். எங்கிருந்தாவது சானிடைசரைக் குடித்துவிடாமல் கண் வைத்திருங்கள். ஊரடங்கில் மருத்துவத்துக்குப் போகத் தடையில்லை.

கோவை: ஒரு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. படுக்கையில்தான் லேப்டாப். எதைத் தொடங்கவும் மனசு வரவில்லை. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

எரிச்சல் வருவதில் தப்பில்லை, எனக்கும் வரும். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று இருந்தால் அது வராது, தம்பி. செய்ய ஆரம்பித்தால் பின்னாடியே வரும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் மாறக்கூடாது. எழுந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய்க் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாகும், ராத்திரித் தூக்கமும் வரும். குளித்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். சாயங்காலக் காபியை விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் என்றால் இதெல்லாம் போதாது. சிகிச்சை வேண்டும். 104-ஐக் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும்.

திருச்சி: கபசுரக் குடிநீர், ஜிங்க், வைட்டமின் சி மூன்றையும் மாசக்கணக்காக எடுக்கிறோம். தொடரலாமா?

ஜிங்க்கை நிறுத்துங்கள். அதிக அளவில் மாசக்கணக்கில் எடுத்தால் உடம்பில் செம்புச் சத்து குறையும். வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய் போதும். கபசுரக் குடிநீரை எத்தனை நாள் குடிப்பது என்று சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் தடுப்பூசிக்கு ஈடாகாது.

தஞ்சாவூர்: குணமாகி ஒரு மாதம் ஆகிறது. வாசனையே தெரியவில்லை. ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும், ஆனால் மெதுவாகத்தான். மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம். கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா, நீலகிரித் தைலம் என்று நான்கு வாசனை. ஒவ்வொன்றையும் இருபது விநாடி, இன்ன வாசனை என்று நினைவுக்குக் கொண்டுவந்தபடி முகருங்கள். காலை, மாலை இரு வேளை, மூன்று மாதம். அதுவரை ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

விழுப்புரம்: பிளஸ் டூ தேர்வு உண்டா இல்லையா என்றே தெரியாமல் எப்படிப் படிப்பது?

அறிவிப்பு வரும்போது வரட்டும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் படி. மிச்ச நேரம் குற்ற உணர்ச்சி இல்லாமல் விளையாடு.

சென்னை: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு கண்ணீர் அஞ்சலி. போன வாரம் சித்தப்பா போய்விட்டார், யாராலும் போக முடியவில்லை. "பாசிட்டிவாக இருங்கள்" என்று வேறு அனுப்புகிறார்கள். எப்படி இருப்பது?

இருக்க வேண்டியதில்லை. சாவு நடந்த வீட்டில் அழுவதுதான் இயல்பு. கூடி அழ முடியாமல் போனதுதான் இந்த வருடத்தின் கொடுமை. சித்திக்குப் போன் பண்ணுங்கள், செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்த ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, ஏன் முன்னாடியே சேர்க்கவில்லை என்றெல்லாம் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விகளுக்கு அவர் நூறு பேரிடம் பதில் சொல்லிக் களைத்திருப்பார். "சித்தப்பா அந்தக் கல்யாணத்தில் என்ன பண்ணினார், ஞாபகம் இருக்கா?" என்று தொடங்குங்கள். அழுதால் அழட்டும், போனை வைத்துவிடாதீர்கள். பதினாறாம் நாள் இன்னொரு தடவை பேசுங்கள். அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும்.

குழுவை மியூட்டில் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள். ராத்திரி மட்டும் வேண்டாம்.

ஈரோடு: கொரோனா வந்து போனவர் தடுப்பூசி எப்போது போடலாம்?

இந்த மே 2021 விதிப்படி, குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து. முதல் ஊசி போட்ட பிறகு நோய் வந்திருந்தால் இரண்டாவதற்கும் அதே கணக்குதான்.