பட்டறைப் பதில்கள்: செயினுக்கு எமன் மணல்

கரிமூட்டத்துக்குச் செயின்சா மெஷினால் சீமைக்கருவேலம் அறுக்கிறோம். புதுச் செயின் அரை நாள்கூடத் தாங்குவதில்லை. அழுத்தினால்தான் இறங்குகிறது, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரில் புகை வருகிறது. நேற்று மெஷின் முகத்தைப் பார்த்து எகிறிவிட்டது. மெஷினை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

மெஷின் பாவம், அதை விடுங்கள். அறுக்கும்போது கீழே என்ன விழுகிறது என்று பாருங்கள். சீவல் விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு பறந்தால் பல் மொட்டை. மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள், புகை அதனால்தான்.

கருவை தரையோடு தரையாக நாலைந்து கிளையாகப் பிரியும். தூர்க்கட்டைக்கு எடை அதிகம் என்று எல்லோரும் பாரை மண் வரை இறக்குகிறோம். ஒரு நொடி மணலில் உரசினால் காலையில் போட்ட கூர் அத்தனையும் போச்சு. தூரைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சாண் பறித்து, மண் ஒட்டிய பட்டையை அரிவாளால் சீவிவிட்டு, அப்புறம் மெஷினை வையுங்கள்.

கூர் போட உருண்டை அரம்தான். சின்ன மெஷினுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ., அடுத்த அளவுக்கு 4.8 மி.மீ. செயின் வாங்கிய அட்டையில் போட்டிருக்கும். 30 டிகிரி சாய்வில், தள்ளும்போது மட்டும் ராவ வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் கூடினால் அறுவை கோணலாகப் போகும். பாரின் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் தினமும் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

இனி எகிறிய சங்கதி. பாரின் மூக்கில் மேல்பாதி எதன்மீதாவது பட்டால் மெஷின் மேல்நோக்கி, ஆளைப் பார்த்துத் திரும்பும். கருவையில் முன்கிளையை அறுக்கும்போது மூக்கு பின்கிளையில் முட்டும், கண்ணுக்குத் தெரியாது. மொட்டைச் செயினை அழுத்திக்கொண்டிருக்கும் கைக்கு அப்போது சுதாரிக்க நேரமிருக்காது. இடதுகைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இறுக்கமாக இருக்கட்டும். தோளுக்கு மேல் மெஷினைத் தூக்காதீர்கள். செயினை நிறுத்துவதற்காக முன்னாலிருக்கும் பிரேக் மட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அதை மாட்டாமல் நான் மெஷினைத் திருப்பித் தருவதில்லை. இதனால் இரண்டு வாடிக்கை போயிற்று, போகட்டும்.

காற்றில் வேரோடு சாய்ந்த தென்னை சுற்றுச்சுவர்மேல் கிடக்கிறது. எங்கே முதலில் அறுப்பது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

ஆள் வைத்துத்தான் செய்யுங்கள் அம்மா. வருகிறவர் இதைச் செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தில் மேல்பக்கம் நெரிபடும், அடிப்பக்கம் இழுபடும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் பாரைக் கவ்விவிடும். மேலே மூன்றில் ஒரு பங்கு, மீதி கீழிருந்து. கீழிருந்து அறுக்கும்போது மெஷின் ஆளைப் பின்னால் தள்ளும், கால் ஊன்றி நிற்க வேண்டும்.

பெரிய ஆபத்து வேர்ப்பக்கம். ஒருமுறை உச்சிப்புளிப் பக்கம் இப்படி ஒரு தென்னையை அறுத்தேன். மரம் துண்டானதும் கிளம்பியிருந்த வேர்மண் அப்படியே நிமிர்ந்து தன் குழியில் விழுந்தது. சற்று முன்புதான் என் உதவியாள் பையன் அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்காய் பொறுக்கியிருந்தான். அன்றிலிருந்து குழியைச் சுற்றிக் கயிறு கட்டாமல் நான் மெஷினைக் கிளப்புவதில்லை.

இரண்டு மாதம் சும்மா கிடந்த மெஷின் கிளம்ப மறுக்கிறது. செயினும் துரு.
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பழைய பெட்ரோலைக் கொட்டுங்கள். புதிதாகப் பெட்ரோலில் ஆயில் கலக்கும்போது மெஷின் கம்பெனி ஆயில் என்றால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மி.லி., சாதா டூடி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில் என்றால் 40. மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி. பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுங்கள். அப்படியும் எழும்பாவிட்டால் கார்புரேட்டரைத்தான் பிரிக்க வேண்டும். அடுத்த தடவை சும்மா வைக்கும் முன் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். செயினைக் கழற்றி எண்ணெயில் போட்டு வையுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஆணியில் மாட்டி வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.