பயண ஆங்கிலம்: ‘யெஸ்’ எங்கே, ‘நோ’ எங்கே?

கேள்வி: ‘டைரக்ட் ஃபிளைட்’ என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நின்றது. இது மோசடி இல்லையா?

பதில்: மோசடி இல்லை. ‘டைரக்ட்’ என்றால் புறப்படும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஒரே விமான எண் என்று மட்டும்தான் பொருள். வழியில் நிற்கலாம், ஆள் ஏற்றலாம், சில நேரம் அதே எண்ணில் வேறு விமானத்துக்கு மாற்றியும் விடலாம். எங்கும் இறங்காமல் போவதற்குப் பெயர் ‘நான்-ஸ்டாப்’. எண்ணும் மாறி விமானமும் மாறினால் ‘கனெக்டிங்’. டிக்கெட் எடுக்கும்போது ‘ஸ்டாப்ஸ்’ என்ற இடத்தில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் அச்சாகியிருக்கும் சொல்தான் கணக்கு. நாம் மனதில் நினைத்துக்கொண்டது கணக்கில் வராது.

கேள்வி: லேஓவர், ஸ்டாப்ஓவர், டிரான்சிட், டிரான்ஸ்ஃபர். நான்கும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. வெளிநாட்டுப் பயணத்தில், விமானம் மாறுவதற்காக நடுவில் காத்திருக்கும் நேரம் 24 மணிக்குள் இருந்தால் லேஓவர். அதற்கு மேல் தங்கினால் ஸ்டாப்ஓவர். இரண்டுக்கும் கட்டண விதி வேறு. அந்த நாட்டுக்குள் நுழையாமல் விமான நிலையத்துக்குள்ளேயே கடந்து போவது டிரான்சிட். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது டிரான்ஸ்ஃபர். இறங்கியதும் ‘அரைவல்ஸ்’ பலகையைப் பார்த்து நடந்தால் குடியேற்றச் சோதனை வரிசையில் போய் நிற்பீர்கள். மாறிப் போகிறவர்கள் ‘டிரான்ஸ்ஃபர்ஸ்’ அல்லது ‘ஃபிளைட் கனெக்‌ஷன்ஸ்’ பலகையைத்தான் பின்தொடர வேண்டும். ஹோட்டல் சீட்டில் ‘ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர்’ என்று இருந்தால் அது வேறு: அழைத்துவரும் வண்டி.

இதில் ஆபத்தான சொல் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’. தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்று அர்த்தம். பையை நீங்களே எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அதற்கு நடுவில் இறங்கும் நாட்டின் விசா தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பு உங்களுடையது. பையைக் கொடுக்கும்போதே ‘இஸ் மை பேக் செக்ட் த்ரூ?’ (பை கடைசி ஊர்வரை நேராகப் போய்விடுமா?) என்று கேட்டுவிடுங்கள். பதிலோடு திருப்தி அடையாமல், பையில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், குறியீடு சரியாக இருந்தாலும், முதலில் இறங்கும் நிலையத்தில் பெரும்பாலும் பையை எடுத்துச் சுங்கம் கடந்து திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: லக்கேஜா, பேகேஜா? பன்மையில் ‘லக்கேஜஸ்’ என்று எழுதலாமா?

பதில்: இரண்டுக்கும் ஒரே பொருள். இரண்டுக்கும் பன்மை கிடையாது. எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் ‘டூ பேக்ஸ்’ போதும்.

கேள்வி: டிக்கெட்டில் ‘2 பிசி, 23 கிலோ’ என்று இருந்தது. மொத்தம் 46 கிலோதானே என்று ஒரே பெட்டியில் 40 கிலோ அடைத்துக் கொண்டுபோனேன். எடுக்க மறுத்துவிட்டார்கள்.

பதில்: மறுக்காமல் என்ன செய்வார்கள்? ‘பிசி’ என்பது ‘பீஸ்’. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். கூட்டிக் கழிக்க இடமில்லை. தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகைக் கருதி, ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எடுப்பதே இல்லை, கூடுதல் பணம் கட்டினாலும்கூட. ‘டோட்டல் 30 கிலோ’ என்று மட்டும் போட்டிருந்தால்தான் எடையைப் பெட்டிகளுக்குள் பிரித்துக்கொள்ளலாம். கூடவே ‘158 செ.மீ.’ என்று இருந்தால் அது நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிய அளவு. பலர் உயரம் மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி ‘யூ டோன்ட் ஹேவ் எனி லிக்விட்ஸ்?’ என்று கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை. ‘யெஸ்’ என்றேன். பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார். நான் என்ன தப்புச் சொன்னேன்?

பதில்: ‘இருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் செய்தது முழுக்கச் சரி.

தமிழர்கள் பயணத்தில் செய்யும் பிழைகளில் மிகவும் விலை கொடுக்க வைப்பது இதுதான். ஆயிரம் சொல், இரண்டாயிரம் சொல் என்று பட்டியல் போட்டு விற்கும் புத்தகங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விடுவது எனக்குத் தீராத மனக்குறை. ‘எஸ்கலேட்டர்’ என்ற சொல் தெரியாமல் போனால் எந்தக் கேடும் இல்லை, கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். ‘யெஸ்’ஸையும் ‘நோ’வையும் மாற்றிச் சொன்னால், அதிகாரியின் முன் உண்மைக்கு நேர்மாறாக வாக்குமூலம் கொடுத்ததாக ஆகிவிடும்.

காரணம் எளிது. ‘உங்களிடம் திரவம் எதுவும் இல்லையே?’ என்று தமிழில் கேட்டால் ‘ஆமாம், இல்லை’ என்போம். நம் ‘ஆமாம்’ கேட்டவருக்கு உரியது: நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறது. ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான், அவர்களும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் தடுக்குகிறார்கள். ஆங்கில ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. பொருள் இருந்தால் ‘யெஸ்’. இல்லாவிட்டால் ‘நோ’. கேள்வியை நேராகக் கேட்டாலும் எதிர்மறையாகக் கேட்டாலும் பதில் மாறாது.

ஆகவே கேள்வியில் வரும் ‘நாட்’, ‘டோன்ட்’, ‘ஹேவ்ன்ட்’ ஆகியவற்றை மனதுக்குள் உருவிவிடுங்கள். மிஞ்சுவது ‘யூ ஹேவ் லிக்விட்ஸ்?’. இருக்கிறதா? இல்லை. ‘நோ’. ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் வாலையும் சேருங்கள்: ‘நோ, ஐ டோன்ட்’. இருந்தால் ‘யெஸ், ஐ டூ’. இந்த வால் உங்களைக் காப்பாற்றும். ‘யெஸ், ஐ டோன்ட்’ என்று தவறி வந்துவிட்டால் கேட்பவருக்கே சந்தேகம் வந்து மறுபடி கேட்பார். பதற்றத்தில் குழம்பினால் இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியம் சொல்லுங்கள்: ‘ஐ ஹேவ் நோ லிக்விட்ஸ்’. தலையை மட்டும் ஆட்டாதீர்கள். நம் தலையாட்டல் பலருக்கு ‘இல்லை’ என்று தெரிகிறது.

பழகுவதற்கு மூன்று கேள்விகள். ‘யூ ஆர் நாட் கேரியிங் எனிதிங் ஃபார் சம்ஒன் எல்ஸ்?’ யாருக்காகவும் எதையும் கொண்டுபோகவில்லை என்றால் ‘நோ, ஐயாம் நாட்’. ‘டிடின்ட் யூ பேக் திஸ் யுவர்செல்ஃப்?’ நீங்களே அடுக்கியது என்றால் ‘யெஸ், ஐ டிட்’. ‘நத்திங் டு டிக்ளேர்?’ சுங்கத்துக்குத் தெரிவிக்க எதுவும் இல்லை என்றால் ‘நோ, நத்திங்’. இந்தக் கடைசிக் கேள்வியில் கூடுதல் கவனம் வேண்டும். சுங்கப் பகுதியில் பச்சை நிறப் பலகை வைத்த வழியில் நடப்பதே ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று அறிவிப்பதற்குச் சமம். அதற்குப் பிறகு பையில் ஏதாவது இருந்தால் ‘ஆங்கிலம் புரியவில்லை’ என்பது எடுபடாது.

இதே குடும்பத்தில் இன்னொன்று ‘டூ யூ மைண்ட்’. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் யுவர் பேக்?’ என்றால், திறந்தால் உங்களுக்கு ஆட்சேபமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் திறக்கட்டும் என்று நினைத்து ‘யெஸ்’ என்றால் ஆட்சேபம் இருக்கிறது என்று ஆகும். ‘நோ, கோ அஹெட்’ அல்லது ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: கம்பெனி சார்பில் மூன்று நாள் கூட்டத்துக்குப் போனேன். ‘பர்பஸ் ஆஃப் விசிட்?’ என்றதற்கு ‘வொர்க்’ என்றேன். தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள்.

பதில்: குடியேற்ற அதிகாரியின் காதில் ‘வொர்க்’ என்றால் அந்த நாட்டில் வேலை பார்த்துச் சம்பாதிப்பது. அதற்கு வேறு விசா. கூட்டம், மாநாடு, பேச்சுவார்த்தை என்றால் ‘பிசினஸ்’. இன்னும் தெளிவாக, ‘ஐயாம் அட்டெண்டிங் மீட்டிங்ஸ், த்ரீ டேஸ்’. ஆனால் உண்மையிலேயே அங்கே போய் இயந்திரம் பொருத்தவோ பழுது பார்க்கவோ போகிறவர்கள் ‘பிசினஸ்’ என்று மறைக்க வேண்டாம். அந்த வேலைக்கு உங்கள் விசா இடம் தருகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். சுற்றுலா என்றால் ‘ஹாலிடே’, அமெரிக்காவில் ‘வெக்கேஷன்’. ‘லீவ்’ என்பது அலுவலகத்தில் வாங்கும் விடுப்பு. பயண நோக்கத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

கேள்வி: விசாவில் ‘வேலிட் அன்டில்’ என்று போட்டிருக்கும் தேதிவரை தங்கலாம்தானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வேலிடிட்டி’ விசாவைப் பயன்படுத்தும் கால எல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது ‘டியூரேஷன் ஆஃப் ஸ்டே’. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். தேதி இடைவெளி ஆறு மாதம் இருந்தாலும், நாள் கட்டத்தில் 15 என்று இருந்தால் 15 நாள்தான். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். ‘நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்’ 01 என்றால் ஒருமுறை வெளியேறியதும் முடிந்தது, மிச்ச நாள் இருந்தாலும் திரும்ப நுழைய முடியாது. ‘மல்ட்’ என்றால் பலமுறை. அமெரிக்க விசாவின் தேதி, எதுவரை வந்து இறங்கலாம் என்பதற்கு. எதுவரை தங்கலாம் என்பது, அங்கே நுழையும்போது பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். அச்சாகியிருப்பதைக் கட்டம் கட்டமாகப் படியுங்கள்.

கேள்வி: 15ஆம் தேதி 12.30 ஏ.எம். விமானம். 15ஆம் தேதி இரவு போனேன். ‘நோ-ஷோ’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டிக்கெட்டின் விதியைப் பொறுத்தது, பெரும்பாலும் வரியைத் தவிர எதுவும் வராது. இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் அச்சான நேரத்தைப் படிக்காமல் கிளம்புகிறார்கள். 12.30 ஏ.எம். என்பது நள்ளிரவு தாண்டி அரை மணி, 24 மணிக் கணக்கில் 00.30. 15ஆம் தேதி அப்போதுதான் பிறக்கிறது. நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. ‘நோ-ஷோ’ என்றால் வராத பயணி. அதோடு அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாவது வழக்கம். உடனே விசாரியுங்கள்.

‘போர்டிங் டைம்’ ஏறத் தொடங்கும் நேரம், ‘டிபார்ச்சர்’ விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் நேரம். ‘கேட் க்ளோசஸ்’ அதற்குச் சுமார் 15, 20 நிமிடம் முன்பே. வருகை நேரத்தின் பக்கத்தில் ‘+1’ இருந்தால் மறுநாள்.

கேள்வி: ‘சர்நேம்’ இடத்தில் என்ன எழுதுவது? எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது.

பதில்: உங்களுக்கு இட்ட பெயர் ‘கிவன் நேம்’. குடும்பப் பெயர் ‘சர்நேம்’, அதுவே ‘லாஸ்ட் நேம்’, ‘ஃபேமிலி நேம்’. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதால் குழப்பம். யோசிக்கவே வேண்டாம், பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில், அதே எழுத்துகளில் டிக்கெட்டிலும் போடுங்கள். சந்தேகம் வந்தால் புகைப்படப் பக்கத்தின் அடியில் 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பின் ‘<<’ குறிக்கு முன்னால் வருவது சர்நேம், பின்னால் வருவது கிவன் நேம். ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது கட்டத்தை நிரப்பும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: ‘ஐ மிஸ்ட் மை பேக்’ என்று புகார் சொன்னேன். அந்தப் பெண் புரியாமல் விழித்தார்.

பதில்: ‘மிஸ்’ என்றால் ரயிலைத் தவறவிடுவது, அல்லது ஒருவரை நினைத்து ஏங்குவது. பை பெல்ட்டில் வரவில்லை என்றால் ‘மை பேக் ஹேஸ் நாட் அரைவ்ட்’. நீங்களே எங்கோ தொலைத்திருந்தால் ‘ஐ லாஸ்ட் மை பேக்’. இந்த வேறுபாடு முக்கியம், முதலாவதற்கு விமான நிறுவனம் பொறுப்பு, இரண்டாவதற்கு நீங்கள். நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே ‘பிஐஆர்’ என்ற புகார்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பை உடைந்து வந்தால் கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்ததற்கு, வந்து சேர்ந்த நாளிலிருந்து 21 நாள்.

கேள்வி: ‘ட்வின் ரூம்’, ‘டபுள் ரூம்’, ‘ஹாஃப் போர்டு’?

பதில்: டபுள் என்றால் இருவருக்கு ஒரே பெரிய கட்டில். ட்வின் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். நண்பர்கள் ட்வின் கேளுங்கள். ஹாஃப் போர்டு: காலை உணவும் பெரும்பாலும் இரவு உணவும். ஃபுல் போர்டு: மூன்று வேளை. பானங்கள் சேராது, அதற்கு ‘ஆல்-இன்க்ளூசிவ்’. ‘சூட்’ என்று சொல்லாதீர்கள், பெரிய அறைத்தொகுப்பைக் குறிக்கும் ‘suite’ என்ற சொல்லின் உச்சரிப்பு ‘ஸ்வீட்’.

கேள்வி: லண்டனில் ‘சப்வே’ பலகையைப் பார்த்து இறங்கினேன். ரயிலே இல்லை.

பதில்: பிரிட்டனில் அது பெரும்பாலும் சாலைக்கு அடியில் நடந்து கடக்கும் சுரங்கப்பாதை. ரயிலுக்கு ‘அண்டர்கிரவுண்ட்’ பலகையைத் தேடுங்கள். அதேபோல் ‘கோச்’: அங்கே தொலைதூரப் பேருந்து, அமெரிக்க விமானத்தில் சாதாரண வகுப்பு. ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ பிரிட்டனில் மாடி, அமெரிக்காவில் தரைத்தளம்.

கேள்வி: பயணத்துக்குத் தேவையான எல்லா ஆங்கிலச் சொற்களையும் பட்டியலாக அனுப்ப முடியுமா?

பதில்: முடியாது. எந்த நாடு, விமானமா ரயிலா, எத்தனை நாள், யாரோடு என்று எதையுமே எழுதாமல் பட்டியல் கேட்டால் நான் எதை அனுப்புவது? உங்கள் டிக்கெட், விசா, ஹோட்டல் சீட்டு மூன்றையும் மேசையில் விரித்து, புரியாத சொற்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். முப்பதுக்கு மேல் வராது. அவற்றுக்கு அடுத்த முறை பதில் எழுதுகிறேன்.