கெட்ட ஜீன் எந்த மீனிடம்?

கேள்வி: கொளத்தூரில் வண்ணமீன் வளர்த்து விற்கிறேன். கரும்புள்ளி பிளாட்டியையும் ஸ்வார்ட்டெயிலையும் சேர்த்துக் குட்டி எடுத்தேன். அந்தக் கலப்புக் குட்டிகளை வளர்த்து மறுபடியும் ஸ்வார்ட்டெயிலோடு விட்டேன். இப்போது பிறந்தவற்றில் சிலதுக்கு உடம்பில் கருப்புக் கட்டி. தாய், தகப்பன் மீன்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கெட்ட ஜீன் எதிலிருந்து வந்தது? "கலந்தாலே இப்படித்தான், அதுக்குத்தான் மனுஷனும் சொந்த சாதிக்குள்ள கட்டணும்" என்கிறார் பக்கத்துக் கடை அண்ணன். சரிதானா?
வாசகர், கொளத்தூர்

பதில்: அண்ணன் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் மீன்.

பிளாட்டியிடம் கட்டியை உண்டாக்கக்கூடிய ஜீன் ஒன்று இருக்கிறது. கரும்புள்ளியைத் தருகிற ஜீனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை அடக்கி வைக்கிற இன்னொரு ஜீனும் அதே பிளாட்டியிடம், ஆனால் வேறொரு குரோமோசோமில், அதாவது ஜீன்கள் கோத்த வேறொரு இழையில், இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பதால் பிளாட்டிக்கு வெறும் புள்ளியோடு போய்விடுகிறது. ஸ்வார்ட்டெயிலிடம் இந்த இரண்டுமே கிடையாது, அதனால் அதற்கும் தொந்தரவு இல்லை. முதல் கலப்புக் குட்டிக்கு இரண்டிலும் ஒவ்வொரு பிரதி கிடைக்கும், அடக்குவது பாதியாகக் குறையும், கருப்பு கொஞ்சம் அதிகமாகப் படரும். அதை மறுபடி ஸ்வார்ட்டெயிலோடு விட்டீர்கள் இல்லையா, அங்கேதான் இரண்டும் பிரிகின்றன: சில குட்டிக்குக் கட்டி ஜீன் மட்டும் வந்து, அடக்குகிற ஜீன் வராமல் போகிறது. கணக்குப்படி நாலில் ஒன்று. உங்கள் தொட்டியில் நடந்ததை அமெரிக்காவில் மைரன் கோர்டன், ஜெர்மனியில் கர்ட் காஸ்விக் என்ற மரபியல் ஆய்வாளர்கள் 1920களின் கடைசியிலேயே பார்த்துவிட்டார்கள்.

அதனால் எந்த மீனையும் குற்றம் சொல்லாதீர்கள். பழுது அந்த ஜீன் ஜோடி பிரிந்ததில் இருக்கிறது.

ஒரு இனம் இரண்டாகப் பிரிவதிலும் இந்த மாதிரிப் பொருத்தக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. காசிமேட்டில் ஒரே மாதிரி கட்டிய இரண்டு விசைப்படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எஞ்சினை மட்டும் மாற்றினார், அது பழைய கியர்பாக்ஸோடு ஒத்துப்போனது. இன்னொருவர் கியர்பாக்ஸை மட்டும் மாற்றினார், அது பழைய எஞ்சினோடு ஒத்துப்போனது. இரண்டு படகும் ஒழுங்காகக் கடலுக்குப் போய் வருகின்றன. ஆனால் அந்தப் புது எஞ்சினையும் அந்தப் புது கியர்பாக்ஸையும் யாருமே ஒரே படகில் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை. பிரிந்து வாழ்கிற இரண்டு கூட்டங்களில் தனித்தனியாகச் சேர்ந்த மாற்றங்களும் அப்படித்தான், கலப்புக் குட்டியின் உடம்பில்தான் முதல்முறையாகச் சந்திக்கின்றன. ஒத்துவராவிட்டால் குட்டி சாகலாம், மலடாகலாம். மரபியல் விஞ்ஞானி பேட்சன் 1909இல் சொல்லி மறக்கப்பட்ட இந்த யோசனையை, பின்னால் வந்த மரபியலாளர்கள் டாப்ஜான்ஸ்கியும் முல்லரும் 1930, 40களில் தனித்தனியாக எழுதி நிலைநாட்டினார்கள்.

'இந்த குணத்துக்கு இந்த ஜீன்' என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 54 லட்சம் பேரின் மரபணுவைப் பார்த்த 2022ஆம் வருட ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்கிறது. சில இடத்தில் ஒன்று இன்னொன்றை மொத்தமாக மறைத்துவிடும். 1952இல் பம்பாயில் கண்டுபிடித்த 'பாம்பே' ரத்த வகை அப்படித்தான். ரத்த குரூப்பைத் தீர்மானிக்கும் ஏ, பி பொருள்கள் இரண்டுமே எச் என்ற அடித்தளப் பொருளின் மேல்தான் கட்டப்படுகின்றன. ஒருவருக்கு எச்-ஐ உருவாக்கும் ஜீன் தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் பழுதாக வந்தால், பி ஜீன் நல்லபடியாக இருந்தாலும் சாதாரணப் பரிசோதனையில் ஓ குரூப் என்றே காட்டும். அவருக்கு ஓ ரத்தம்கூடச் சேராது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கும் ஓ குரூப் கணவனுக்கும் பி குரூப் குழந்தை பிறக்கலாம். விஷயம் தெரியாத குடும்பத்தில் அந்தப் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது அண்ணன் சொன்னது. பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் வேறு வேறு இனம். இந்தியாவில் எந்த இரண்டு சாதியும் அப்படி இல்லை, நாம் ஒரே இனம். சுமார் 1,900 வருடங்களுக்கு முன்பு வரை இங்கே பரவலாகக் கலந்துதான் வாழ்ந்தோம் என்று ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையமும் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த 2013ஆம் வருட ஆய்வு சொல்கிறது. ஆபத்து அண்ணன் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது: உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டால், மறைந்திருக்கும் ஒரே பழுது தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து ஒரே குழந்தையிடம் சேர வாய்ப்பு கூடும். பாம்பே வகையே நெருங்கிய சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அதிகம் தென்படுகிறது. மீன் தொட்டியைக் காட்டி சாதியை நியாயப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கட்டி வந்த மீன்களை விற்காதீர்கள், அவற்றிலிருந்து குட்டியும் எடுக்காதீர்கள். முதல் கலப்பு மீன்கள் மிச்சம் இருந்தால் அவற்றைப் பிளாட்டியோடு விட்டுப் பாருங்கள். அடக்குகிற ஜீன் பிளாட்டி வழியாக எல்லாக் குட்டிக்கும் குறைந்தது ஒரு பிரதி கிடைக்கும்.