பொண்ணு பிலாசபி எடுக்கணும்னு அடம் பிடிக்கறாளா?

அம்மா, உங்க மெசேஜ்ல ரெண்டு கேள்வி இருக்கு. பிலாசபி படிச்சா வேலை கிடைக்குமா, இவ நிஜமாவே விரும்பித்தான் கேக்கறாளா இல்ல ஏதோ வீடியோ பாத்துட்டு சொல்றாளா. ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன், அது தெளிவாயிட்டா மத்தது பாதி தானா தீந்துடும்.

எட்மண்ட் கெட்டியர்னு ஒரு அமெரிக்க பிலாசபர் 1963ல ஒரு கட்டுரை போட்டார், மொத்தமே மூணு பக்கம். ஒரு விஷயத்தை நம்பறோம், அது உண்மையாவும் இருக்கு, நம்பறதுக்கு நல்ல காரணமும் இருக்கு, அப்போ அது நமக்கு 'தெரியும்'னு சொல்லிடலாமான்னு கேட்டு, ரெண்டே உதாரணத்துல அதை உடைச்சுட்டார். நின்னு போன கடிகாரத்தைப் பாத்து மணி மூணுன்னு நம்பறீங்க, தற்செயலா அப்போ மணியும் மூணுதான், இப்போ உங்களுக்கு மணி தெரியுமா? (இது அவரோட உதாரணம் இல்ல, ஆனா அதே ரகம்தான்.) அந்தக் கட்டுரையை குடுத்து, எங்க ஒத்துக்க முடியலைன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. அதையே பிடிச்சுக்கிட்டு ராத்திரி உங்ககிட்டயும் வாதம் பண்ணினான்னா தாராளமா சேத்து விடுங்க. "இதுல என்ன இருக்கு"ன்னு தூக்கிப் போட்டுட்டு, வாழ்க்கையோட அர்த்தம் அது இதுன்னு பேசறதுதான் பிடிக்குதுன்னா, அதுக்கு டிகிரி தேவையில்ல, ஏன்னா வகுப்புல பெரும்பாலும் நடக்கப்போறது இந்த மாதிரி சின்ன விஷயத்துல வாதம், மறுப்பு, மறுப்புக்கு பதில், இதேதான்.

சேந்தாச்சுன்னா முதல் வருஷமே லாஜிக் முடிச்சுடணும். இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். கணக்கு மாதிரி குறியீடெல்லாம் வருதேன்னு பசங்க கடைசி வருஷத்துக்கு தள்ளுவாங்க, அப்புறம் மொழி பத்தின பிலாசபி, மெட்டாபிசிக்ஸ் (உலகத்துல அடிப்படையா என்னதான் இருக்குன்னு கேக்கறது) பேப்பரெல்லாம் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் முட்டிப்பாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்கோட 1936 கட்டுரையே லாஜிக்ல இருந்த ஒரு கேள்விக்கு பதில் தேடப் போனதுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க இன்னிக்கும் அதைப் படிக்கறாங்க. வரலாறு பேப்பர்ல பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அப்புறம் டெகார்ட், ஹியூம்னு வரிசையா போகட்டும், காண்ட்டை முதல்லயே எடுத்தா பாதியில மூடி வெச்சுடுவா. நம்ம ஊர் பிலாசபியான நியாய தரிசனம், பௌத்தம் சொல்லித்தர ஆள் இருக்கற இடமா இருந்தா அதையும் விட வேண்டாம், பிரத்யட்சம் (நேரா பாத்து தெரிஞ்சுக்கறது), அனுமானம் (ஊகிச்சு தெரிஞ்சுக்கறது)னு அவங்க போட்ட சண்டைக்கும் கெட்டியர் கேள்விக்கும் ரொம்ப தூரமில்ல. எதிக்ஸ், அதாவது எது சரி எது தப்புங்கற பேப்பர், எப்படியும் எடுப்பா, அதுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இப்போ வேலை. டீச்சிங் தவிர 'பிலாசபி படிச்சவர் தேவை'ன்னு விளம்பரம் வராது, அதை முதல்லயே ஏத்துக்கோங்க. அதனால துணைக்கு இன்னொரு சப்ஜெக்ட் வேணும், ரெண்டாம் வருஷம் தொடங்கறதுக்குள்ள முடிவாகணும்: கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ், புள்ளியியல், உயிரியல், எதுன்னாலும் சரி. ஆக்ஸ்போர்டுல பிலாசபி, பாலிடிக்ஸ், எகனாமிக்ஸ் மூணையும் சேத்து 1920கள்லேர்ந்தே டிகிரி குடுக்கறாங்க. லிங்க்ட்இன் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ரீட் ஹாஃப்மன் பிலாசபி படிச்சவர்தானேன்னு யாராவது சொல்வாங்க, உண்மைதான், ஆனா அவர் அதுக்கு முன்னாடி ஸ்டான்போர்டுல படிச்சது சிம்பாலிக் சிஸ்டம்ஸ், அதுல கம்ப்யூட்டரும் லாஜிக்கும் கலந்திருக்கும், அந்தப் பாதியை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. லா, பத்திரிகை, பாலிசி ஆராய்ச்சி, பதிப்பு, ஏஐ எதிக்ஸ், ஆஸ்பத்திரி எதிக்ஸ் கமிட்டி, இதுக்கெல்லாம் போறவங்க இருக்காங்க, ஆனா எல்லாரும் கேக்கறது நீ எழுதினதைக் காட்டுன்னுதான். அதனால நல்லா வந்த எஸ்ஸேவை மார்க் வந்ததும் மறந்துடாம திருத்தி வெச்சுக்கட்டும், லீவுல ஒரு இன்டர்ன்ஷிப்பாவது பண்ணட்டும். புரொபசர் ஆகணும்னா டிகிரிக்கு அப்புறம் பிஎச்டி முடிய இன்னும் பல வருஷம், முடிச்சாலும் இடம் கம்மி. ஆசைப்படட்டும், ஆனா அதை மட்டுமே நம்பி டிகிரியை பிளான் பண்ண வேண்டாம்.

அட்மிஷனுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல நேரா கேளுங்க: ஒரு செமஸ்டருக்கு எத்தனை எஸ்ஸே, அதை டீச்சர் படிச்சு கமென்ட் எழுதி திருப்பித் தருவாங்களா, இல்ல மனப்பாடம் பண்ணி எழுதற பரீட்சை மட்டும்தானா. பரீட்சை மட்டும்தான்னா அந்த இடம் வேண்டாம், பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும். அப்படியே, முதல் வருஷம் முடிஞ்சு சப்ஜெக்ட் மாத்திக்க முடியுமா, எந்த தேதிக்குள்ள சொல்லணும்னு கேட்டு, பதிலை மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க.