பெயின்டர் வேறு, ஓவியர் வேறா?

கேள்வி: 18 வருடமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். நடுவில் நாடகக்காரர்களுக்கு சீன் படுதாவும் எழுதிக் கொடுத்தேன். வயது 38. பழைய கோயில்களை வரைய ரொம்ப நாள் ஆசை. ஓவியம் படித்த சொந்தக்காரர் ஒருவர், "பெயின்டர் வேற, ஆர்ட்டிஸ்ட் வேற" என்கிறார். விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு டேவிட் ராபர்ட்ஸ் என்ற ஓவியர் ஞாபகம்தான் வந்தது. 1796-ல் ஸ்காட்லாந்தில், எடின்பரோவை ஒட்டிய ஸ்டாக்பிரிட்ஜில் பிறந்தவர், அப்பா செருப்புத் தைப்பவர். பையனுக்குக் கை நன்றாக ஓடுகிறது, ஆனால் ஓவியம் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை, அதனால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் ஏழு வருடம் தொழில் பழக விட்டார்கள். அப்புறம் ஒரு சர்க்கஸ் கம்பெனிக்கு சீன் எழுதப் போனார், அங்கிருந்து கிளாஸ்கோ, எடின்பரோ நாடக அரங்குகள், 1822-ல் லண்டனின் ட்ரூரி லேன் நாடக அரங்கு.

அந்த வேலையில் இருந்துகொண்டேதான் எண்ணெய் வண்ண ஓவியங்களும் வரைந்தார், வேலையை விட்டுவிட்டு அல்ல. 1826-ல் லண்டன் ராயல் அகாடமி என்ற ஓவியக் கழகத்தின் கண்காட்சியில் அவர் வரைந்த, பிரான்ஸிலுள்ள ரூவான் தேவாலயம் இடம்பெற்றது.

1838-ல் எகிப்துக்குக் கிளம்பும்போது வயது 41. நைல் வழியாக அபு சிம்பெல் என்ற பழைய பாறைக் கோயில் வரை போய்வந்து, சினாய், பெட்ரா, ஜெருசலேம், பால்பெக் என்று வழியெல்லாம் வரைந்துகொண்டே போனார். கெய்ரோ மசூதிகளுக்குள் வரைய அனுமதி வாங்கத் துருக்கிய உடை போட்டுக்கொண்டார், பன்றி முடித் தூரிகையைத் தொட மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். அந்தப் படங்களை லூயி ஹாகே என்ற கலைஞர் கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் ஏற்ற, 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அபு சிம்பெல் சிலைகள் மணலில் பாதி புதைந்து நின்றதை இன்றைக்கு நாம் பார்க்க முடிவதில் இவர் போன்றவர்கள் வரைந்து வைத்ததற்கும் பங்குண்டு; மணலை அப்புறம் அகற்றிவிட்டார்கள், 1960-களில் அந்தக் கோயிலையே அறுத்தெடுத்து மேட்டுக்கு மாற்றிவிட்டார்களே!

இவர் வரைந்த மனிதர்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, எல்லோரும் ஒரே சாயல். ஆனால் ஒரு தூணின் உயரம், அதன் பின்னால் விழும் நிழல், இடிந்த சுவரின் கனம், இதிலெல்லாம் அவரை மிஞ்சுவது கஷ்டம். முப்பதடித் துணியில் அரண்மனை எழுதி, அது கடைசி வரிசைக்காரருக்கும் நிஜமாகத் தெரிய வேண்டும் என்று வருடக்கணக்கில் பாடுபட்ட கை அது. உங்கள் கையும் படுதா எழுதிப் பழகியதுதானே? கோபுரத்தின் அளவு கண்ணில் பிடிபடுவது, பெரிய பரப்பில் கை நடுங்காமல் கோடு இழுப்பது எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? வேலையை இப்போது விட வேண்டாம். வேலையில்லாத நாளில் விடியற்காலையில் பக்கத்துக் கோயிலுக்குப் பென்சிலும் நோட்டுமாகப் போய், முழுக் கோபுரத்தையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு தூணை வரையுங்கள். வெயில் ஏறி நிழல் நகர்ந்ததும் அதே தூணை இன்னொரு முறை. பத்துப் பக்கம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.