ரோல்பேக்கில் வரும் 1828 பிழை

அக்கரைப்பற்று நெல் ஆலைக்கான லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய உங்கள் செயலியில், கொள்வனவு அட்டவணையில் சேர்த்த விவசாயி எண் நிரலை (கொலம்) ரோல்பேக் செய்யும்போது, அதாவது அதைச் சேர்த்த மைக்ரேஷனை (அட்டவணை மாற்றக் கோப்பை) பின்வாங்கும்போது, வரும் 1828 பிழைக்குக் காரணம், அந்த நிரலை ஒரு ஃபொரின் கீ (வேறொரு அட்டவணையோடு இணைக்கும் கட்டுப்பாடு) இன்னும் பிடித்திருப்பதே. மைக்ரேஷனைப் பின்வாங்கும் டவுன் மெதட்டில் முதலில் கீயை நீக்கும் டிரொப்ஃபொரின், அதன் பிறகே நிரலை நீக்கும் டிரொப்கொலம் வர வேண்டும். டிரொப்ஃபொரினில் நிரலின் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள், ஏனெனில் வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் லாராவெல் அதையே கீயின் பெயராக எடுத்துக்கொண்டு இல்லாத ஒன்றைத் தேடும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை உடனுக்குடன் கமிட் செய்து (நிரந்தரமாக்கி) விடுவதால், பாதியில் நின்ற ரோல்பேக் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. கீ போயிருக்கலாம், ஆனால் ஓடிய மைக்ரேஷன்களைப் பதிந்துவைக்கும் மைக்ரேஷன்ஸ் அட்டவணையில் அந்த மைக்ரேஷனின் நிரை (வரிசை) மட்டும் அப்படியே இருக்கும். அட்டவணையின் இப்போதைய அமைப்பைக் காட்டும் ஷோ கிரியேட் டேபிள் கட்டளையைக் கொடுத்து, மிஞ்சியிருப்பதைக் கையால் நீக்கிய பின்னர் அந்த நிரையையும் அழியுங்கள்.

ஆலையின் உண்மைத் தரவில், அதுவும் அறுவடைக் காலத்தில், ரோல்பேக் வேண்டவே வேண்டாம். நிரலோடு விவசாயி எண்களும் போய்விடும். நான் என்றால் திருத்த வேண்டியதைப் புதிய மைக்ரேஷனாகவே எழுதுவேன்.